அண்ணையின் கொப்பியில் 91

பங்குனி பிறந்தால் அண்ணை ஒரு புதுக் கொப்பி எடுப்பார். ஊரில் சீ.ஆர். கொப்பி என்போமே, கெட்டி மட்டை போட்டது, அதுதான். இங்கே டொலர் கடையில் கிடைக்கிற கொப்பி அவருக்குப் பிடிக்காது. ஊருக்குப் போய்வருகிற யாரிடமாவது சொல்லி இரண்டு மூன்று எடுப்பித்து வைத்திருப்பார். முதல் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, மேலே பென்சிலால் எழுதுவார்: அணி, ஆடியது, மீதி, புள்ளி, வெற்றி, எடுக்கக்கூடியது. பேனை தொடமாட்டார். "சீசன் முடியுமட்டும் எல்லாம் பென்சில்தான்" என்பார்.

அண்ணை என்னுடைய கூடப்பிறந்தவர் அல்ல. எண்பதுகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவர். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொட்டிலில் கணிதம் படிப்பித்தவர். 2004 இலையுதிர்காலத்தில் நான் கனடா வந்து இறங்கியபோது அவருடைய வீட்டுப் பேஸ்மென்றில்தான் குடியிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் என்.எச்.எல். ஹொக்கியே, அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கே, நடக்கவில்லை. முதலாளிகளும் விளையாட்டு வீரர்களும் சம்பளத்தில் முட்டிக்கொண்டு முழு சீசனும் ரத்தாகிப்போனது. அதனால் நான் ஹொக்கியைப் பார்ப்பதற்கு முன்னரே ஹொக்கியைக் கேட்டுப் பழகினேன். 1993இல் எங்கள் ரொறன்ரோ அணி லீஃப்ஸ் இறுதிச் சுற்றுக்கு ஓர் ஆட்டம் குறைவாக நின்றது, ஏழாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலிசின் கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டு அனுப்பிவைத்தது, எல்லாவற்றையும் அண்ணை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். இந்த நகரத்துக்குக் கடைசியாக ஸ்ரான்லி கிண்ணம், அதாவது லீக்கின் சம்பியன் கிண்ணம், வந்தது 1967இல். அண்ணைக்கு அப்போது ஆறு வயது, யாழ்ப்பாணத்தில். தான் பார்க்காத அந்தக் கிண்ணத்துக்காக அவர் ஏங்குவதைப் பார்த்துத்தான் நானும் பிடித்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஹொக்கி என்றால் வேகம், மோதல், பல் உடைதல். பங்குனி நடுப்பகுதிக்குப் பிறகு எங்களுக்கு அது கணக்கு. 82 ஆட்டத்தில் 68, 70 முடிந்திருக்கும். 32 அணிகளில் 16 பிளேஓஃபுக்கு, கிண்ணத்துக்கான சுற்றுகளுக்கு, போகும். கிழக்கில் எட்டு, மேற்கில் எட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள் நேராகப் போகும். மீதி இரண்டு இடமும் வைல்ட் கார்ட், மிச்ச அணிகளில் கூடப் புள்ளி எடுத்த இரண்டுக்கு. முன்னுக்கு நிற்கிற அணிகளின் ரசிகர்கள் அந்த நேரம் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள். அடியில் கிடக்கிற அணிகளின் ரசிகர்கள் அடுத்த வருடம் எந்தப் பதினெட்டு வயதுப் பெடியனை எடுக்கலாம் என்று யோசிப்பார்கள். ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பத்தாம் இடங்களில் நிற்பவர்களுக்குத்தான் கொப்பி தேவைப்படும்.

எங்கள் விவாதம் நடக்கிற இடம் பெரும்பாலும் ரிம் ஹோர்ட்டன்ஸ்தான். வேலை முடிந்து, இரவு பத்து மணிக்குப் பிறகு. அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்த ரிம் ஹோர்ட்டன் லீஃப்ஸ் அணியில் தடுப்பாட்டம் ஆடியவர், அந்த 1967 கிண்ணத்தைத் தூக்கியவர்களில் ஒருவர். 1974இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய கோப்பியைக் குடித்துக்கொண்டு, அவருக்குப் பிறகு லீஃப்ஸில் யாரும் தூக்காத கிண்ணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஒருநாள் அண்ணை சொன்னபோது மேசையில் கொஞ்சநேரம் யாரும் கதைக்கவில்லை.

மேசையில் நாலைந்து பேர். அண்ணை. நான். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்து எங்களோடு களஞ்சியத்தில் வேலை செய்கிற நரைத்த தாடிக்காரர் ஒருவர். பொறுப்பில் எனக்கு மேலே, ஹொக்கியில் எல்லோருக்கும் மேலே. பிறந்ததிலிருந்து லீஃப்ஸ். அவர் மாசி மாதமே "முடிந்தது" என்று சொல்லிவிடுவார், ஆனால் ஒரு ஆட்டமும் தவறவிடமாட்டார். பாரவண்டி ஓட்டுகிற பஞ்சாபி நண்பர் ஒருவர். அவர் முன்னர் வன்கூவருக்குக் கிட்டச் சரேயில் இருந்ததால் வன்கூவர் அணியின் பக்கம். ஹொக்கியை அவர் பஞ்சாபி வர்ணனையில்தான் கேட்பார், 2008இலிருந்து அது இருக்கிறது. ஒரு கோல் விழுந்தால் அந்த வர்ணனையாளர் எப்படிக் கத்தினார் என்று அவர் நடித்துக் காட்டும்போது பக்கத்து மேசைக்காரரும் திரும்பிச் சிரிப்பார்கள். பின்னாளில் அண்ணையின் மகளும் வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் விளங்காதது ஒன்று உண்டு. எங்கள் அணி அன்று ஆடவே இல்லை, ஆனாலும் எல்லோரும் பதற்றமாக இருப்போம். காரணம், ஒன்பதாம் இடத்துக்காரனும் பத்தாம் இடத்துக்காரனும் தங்களுக்குள் மோதுகிறார்கள். யார் வென்றால் நல்லது? யார் வென்றாலும் பரவாயில்லை. ஆட்டம் அறுபது நிமிடத்துக்குள் முடியவேண்டும், அவ்வளவுதான். இந்த லீக்கில் வென்றால் இரண்டு புள்ளி. முழுநேரத்தில் தோற்றால் பூச்சியம். ஓவர்டைமிலோ, அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் காப்பாளரை எதிர்த்து அடிக்கிற ஷூட்அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி. 1999-2000 சீசனில் தொடங்கியது இது. 2005இல் ஷூட்அவுட் வந்து சமநிலை முடிவே இல்லாமல் போனதும் ஒவ்வொரு இழுபறியிலும் இந்தப் புள்ளி முளைக்கத் தொடங்கிவிட்டது. ஆக, அறுபது நிமிடத்தில் முடிகிற ஆட்டம் இரண்டு புள்ளியைப் பங்கிடுகிறது, தாண்டிப் போகிற ஆட்டம் மூன்று புள்ளியைப் பங்கிடுகிறது. அந்த மூன்றாவது புள்ளி எங்கேயிருந்து வருகிறது?

"அரிசி நிறுக்கிற தராசு சில நாளிலை ஒண்டு காட்டும், சில நாளிலை ஒண்டரை காட்டும். அந்தக் கடையிலை நீ சாமான் வாங்குவியோ?" என்று அண்ணை கேட்பார்.

நான் இந்த விசயத்தில் முழுக்க அண்ணையின் பக்கம். மூன்றாம் பகுதியில் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கோர் சமமாக இருந்தால் இரண்டு அணிகளும் மெதுவாகப் பாதுகாப்புக்குள் போவதை யாரும் பார்க்கலாம். ஆளுக்கொரு புள்ளியைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு பிறகு சண்டை பிடிக்கலாம் என்ற நினைப்பு. பெண்களுக்கான பி.டபிள்யூ.எச்.எல். 2024இல் தொடங்கியபோது முதல் நாளிலிருந்தே 3-2-1 என்று வைத்தார்கள். முழுநேர வெற்றிக்கு மூன்று, ஓவர்டைம் வெற்றிக்கு இரண்டு, ஓவர்டைம் தோல்விக்கு ஒன்று. எந்த ஆட்டம் என்றாலும் மூன்று புள்ளிதான், தராசு சரி. உலகச் சம்பியன்ஷிப் போட்டிகளிலும் இதே முறைதான். என்.எச்.எல். மட்டும் மாறாமல் நிற்கிறது. பட்டியலில் எல்லோரும் நெருங்கி நிற்பதுபோலக் காட்டினால் எல்லா ஊரிலும் ரிக்கெற் விற்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், கையில் உள்ள ஆட்டம். இதில் மேசை இரண்டாகப் பிரியும். நாங்கள் 86 புள்ளி, 76 ஆட்டம். அவர்கள் 84 புள்ளி, 74 ஆட்டம். யார் முன்னுக்கு? தாடிக்காரர் கையில் ஆட்டம் வைத்திருப்பவன்தான் முன்னுக்கு என்பார், அது அவருடைய சுபாவத்துக்கு ஏற்றது. அண்ணை ஒத்துக்கொள்ளமாட்டார். "பிள்ளை பிறக்கமுதல் பேர் வைக்காதையுங்கோ" என்பதை ஆங்கிலத்தில் எப்படியோ சொல்லிச் சமாளிப்பார். வாங்கிய புள்ளி வாங்கியதுதான், ஆடாத ஆட்டத்தில் யாருக்குக் கால் உடையும் என்று யாருக்குத் தெரியும்?

மகள் வந்த பிறகு விவாதம் வேறு மாதிரிப் போனது. அவள் கையில் கொப்பி இல்லை. மீதி ஆட்டங்களைக் கணினியில் ஒரு லட்சம் தடவை ஆடவிட்டு, அதில் எத்தனை தடவை எங்கள் அணி உள்ளே போகிறது என்று எண்ணுகிற கணிப்புகளை அவள் நம்புவாள்.

"அப்பா, அறுபது வீதம் எண்டால் உள்ளை எண்டு அர்த்தமில்லை. இதே நிலைமை பத்துத்தரம் வந்தால் நாலுதரம் அழுவம்."

"அழுகிற நாலிலை இது எத்தினையாவது எண்டு உன்ரை மெசின் சொல்லுமோ?"

"சொல்லாது."

"அப்ப நான் பாக்கத்தான் வேணும்."

இது சண்டை மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குப் படும். அண்ணை ஆறு கோடு கீறிச் செய்வதை அவள் ஒரு லட்சம் தடவை செய்கிறாள். அவள் இல்லாத இரவில் அண்ணை என்னிடம் இரகசியமாகக் கேட்பார்: "தம்பி, இண்டைக்கு அது எத்தினை வீதம் காட்டுது?"

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1992 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை அண்ணை உதாரணம் காட்டுவார். அடிலெய்டில் பாகிஸ்தான் இங்கிலாந்திடம் 74 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மழை வந்து ஆட்டம் முடிவில்லாமல் போய் ஆளுக்கு ஒரு புள்ளி. கடைசியில் பாகிஸ்தான் 9 புள்ளி, அவுஸ்திரேலியா 8, மேற்கிந்தியா 8. அந்த ஒரு புள்ளியில் அரையிறுதிக்குப் போனவர்கள் கிண்ணத்தையே கொண்டுபோனார்கள். "அதனாலைதான் சொல்லுறன், எட்டாமிடம் எண்டு இளக்காரமாப் பாக்காதையுங்கோ." ஹொக்கியிலும் அவர் சொன்னது நடந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் 2012இல் மேற்கில் எட்டாவதாக நுழைந்து கிண்ணம் வென்றது. சென் லூயிஸ் 2019 தைமாதத் தொடக்கத்தில் முழு லீக்கிலும் கடைசி இடத்தில் கிடந்துவிட்டு ஆனியில் கிண்ணத்தோடு ஊர்வலம் போனது.

சரி, 2007க்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த வருடம் கிழக்கில் எட்டாவது இடத்துக்கு மூன்று அணிகள்: ரொறன்ரோ, மொன்றியால், நியூயோர்க் ஐலண்டர்ஸ். எனக்கு மாமாவின் மகன் ஒருவன் மொன்றியாலில், கோட்-தெ-நேஜ் பக்கம். என்னைவிட நாலு வருடம் முந்தி வந்தவன். பிரெஞ்சு படித்து, ஹாப்ஸ் என்கிற மொன்றியால் அணியின் பைத்தியமாகி, ஊரில் நாங்கள் பள்ளிக்கூட மட்சுகளுக்குப் போட்ட சண்டையைத் தொலைபேசியில் தொடர்ந்துகொண்டிருந்தான். சீசனின் கடைசிச் சனிக்கிழமை, சித்திரை 7ஆம் திகதி, ரொறன்ரோவில் லீஃப்ஸும் ஹாப்ஸும் மோதினார்கள். அவர்கள் 90, நாங்கள் 89. எங்களுக்கு வெற்றி மட்டும் போதாது, முழுநேரத்திலேயே வெல்லவேண்டும். ஓவர்டைம் போனால் அவர்களுக்கு ஒரு புள்ளி கிடைத்து இரண்டு பேரும் 91இல் நிற்போம். அப்போது சமன் உடைக்கிற விதி மொத்த வெற்றிகள். அவர்களுக்கு 42, எங்களுக்கு வென்றாலும் 40. அண்ணை இதையெல்லாம் வெள்ளிக்கிழமையே கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஐந்து கோல் வாங்கிய ஆட்டத்தை லீஃப்ஸ் ஆறு போட்டு வென்றார்கள். 6-5, முழுநேரத்தில். மச்சானின் அணி 90 புள்ளியோடு அங்கேயே வெளியே. நான் தொலைபேசியை எடுத்தேன், அவன் மறுமுனையில் எடுத்தான், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். எனக்கு அன்றைக்கு அது பெரிய சந்தோசம்.

அந்த இரவு கொப்பியில் இருந்தது இதுதான். ரொறன்ரோ: 82 ஆட்டம், 91 புள்ளி, 40 வெற்றி. மீதி பூச்சியம். ஐலண்டர்ஸ்: 81 ஆட்டம், 90 புள்ளி, 39 வெற்றி. மீதி ஒன்று. அடுத்த நாள் பிற்பகல் நியூ ஜேர்சி டெவில்ஸின் மைதானத்தில் அந்த ஒன்று. அண்ணை மூன்று வரி எழுதினார். ஐலண்டர்ஸ் வென்றால் 92, அவர்கள் உள்ளே. முழுநேரத்தில் தோற்றால் 90, நாங்கள் உள்ளே. ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் அவர்களும் 91, ஆனால் எங்களிடம் ஒரு வெற்றி அதிகம், நாங்கள் உள்ளே. "மூண்டு வழி. ரெண்டு எங்களுக்கு" என்றார். நித்திரைக்குப் போகாமல் அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அண்ணை வீட்டார் வேதக்காரர். காலைப் பூசை முடிந்து, ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் சமைத்து, வீடு முழுக்க சனம். ஹொக்கி தெரியாத பெரியம்மாமார், கலியாணப் பேச்சுக்காக வந்த ஒரு குடும்பம், பிள்ளைகள். எல்லோருக்கும் நடுவில் ரீவி, அதில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகள். கலியாணப் பேச்சுக்கு வந்த ஐயா, "இதிலை எங்கடை ஆக்கள் எது?" என்று கேட்டார். "சிவப்பு ஐயா. இண்டைக்கு மட்டும் சிவப்பு" என்றார் அண்ணை.

சிவப்பு, அதாவது நியூ ஜேர்சி, ஏற்கெனவே பிரிவில் முதலிடத்தை உறுதிசெய்துவிட்டது. அவர்களுக்கு இந்த ஆட்டம் தேவையில்லை. அந்த சீசனில் 48 வெற்றி எடுத்துச் சாதனை படைத்த மார்ட்டின் புரோடரை ஓய்வெடுக்க விட்டுவிட்டு, மாற்றுக் கோல் காப்பாளர் ஸ்கொட் கிளெமென்சனை இறக்கினார்கள். மறுபக்கம் ஐலண்டர்ஸின் முதன்மைக் காப்பாளர் ரிக் டிபியெற்றோ காயம். அவருக்குப் பதிலாக வேட் டுபியலெவிச் என்று ஒருவர், அதுவரை அந்தப் பெயரை எங்கள் மேசையில் யாரும் உச்சரித்ததில்லை. ரொறன்ரோ நகரத்தின் முழுக் குளிர்காலமும் இரண்டு மாற்றுக் காப்பாளர்களின் கையில்.

ஐலண்டர்ஸ் 2-0. அண்ணை இடியப்பத் தட்டைக் கையில் வைத்தபடி நின்றார், சாப்பிடவில்லை. பிறகு ஜோன் மடன் ஒன்று போட்டார், 2-1. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி நிமிடம். கடைசிப் பத்து விநாடி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அதே மடன், இரண்டாவது கோல். கடிகாரத்தில் மீதி 0.9 விநாடி.

ஒரு விநாடி கூட இல்லை. அண்ணையின் தட்டு சோபாவில் கவிழ்ந்தது, பெரியம்மா ஒருவர் பயந்து எழும்பிவிட்டார். அண்ணையின் அம்மா மட்டும் கதிரையில் இருந்தபடியே, "இண்டைக்கு உயிர்த்த ஞாயிறு எல்லே" என்றார். அந்த வார்த்தையை அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஓவர்டைமில் கோல் இல்லை. ஷூட்அவுட். ஐலண்டர்ஸ் இரண்டு போட்டுவிட்டார்கள். நியூ ஜேர்சியின் கடைசி ஆளாக செர்கெய் பிரிலின் பக்கை, அந்த ரப்பர் வட்டை, எடுத்துக்கொண்டு வந்தார். போட்டால் தொடரும். இந்த ஒரு காட்சியை என்னால் இப்போதும் மெதுவாக ஓட்டிப் பார்க்க முடியும். காப்பாளர் வலைக்குள் நின்று காத்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்போம். டுபியலெவிச் காத்திருக்கவில்லை. முன்னுக்குப் பாய்ந்து, தடியை முழு நீளத்துக்கு நீட்டி, பக்கைத் தட்டிவிட்டார். அடிக்கவே இடமில்லை. பக் பக்கவாட்டில் உருண்டு போனது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவர்மேல் விழுந்தன.

92, 91, 90. மூன்று அணி, மூன்று எண்.

அண்ணை சோபாவைத் துடைத்தார். பிறகு கொப்பியை எடுத்து ஐலண்டர்ஸின் 90ஐ அழிறப்பரால் அழித்து 92 எழுதினார். துகளை ஊதிவிட்டார். எங்களுடைய 91க்குக் கிட்டப் பென்சிலைக் கொண்டுபோய்க் கொஞ்சநேரம் வைத்திருந்தார், ஒன்றும் எழுதவில்லை.

இரவு மொன்றியாலிலிருந்து மச்சான் எடுத்தான். முதல் நாள் நான் எடுத்ததற்குப் பதில் தரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் தொலைபேசியைத் தூக்கினேன்.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டான்.

"இல்லை."

"நானும் நேற்றுச் சாப்பிடேல்லை" என்றான். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தோம், அரைவாசி ஹொக்கி, அரைவாசி ஊர். பத்தொன்பது வயதுக்குப் பிறகு அவனோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றுதான்.

அந்த ஐலண்டர்ஸ் முதல் சுற்றிலேயே பஃபலோவிடம் ஐந்து ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள். அதனால் என்ன? அந்த ஒரு புள்ளியைப் பற்றி இன்றைக்கும் மேசையில் யாராவது தொடங்கினால் கடை பூட்டுமட்டும் போகும். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை சோம்பேறித்தனமாக விட்ட புள்ளி, மார்கழியில் ஷூட்அவுட்டில் விட்ட புள்ளி, எல்லாம் வரிசையில் வரும். பதினொரு தடவை லீஃப்ஸ் அந்த வருடம் ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றிருந்தது. அதில் எதை எடுத்தாலும் போதும்.

அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாளில், கார்த்திகைக் கடைசியில், பிளேஓஃப் இடத்தில் நிற்கிற அணிகளில் நாலில் மூன்று பங்கு கடைசியிலும் உள்ளே இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. தாடிக்காரருக்கு அது வேதவாக்கு. ஆனால் 2014 அவருடைய கணக்கையும் அண்ணையின் கணக்கையும் ஒன்றாக உடைத்தது. 68 ஆட்டத்தில் 80 புள்ளி. அப்போதுதான் லொஸ் ஏஞ்சலிசில் போய் வென்றிருந்தோம். முதன்மைக் காப்பாளர் ஜொனதன் பேர்னியர் அந்த ஆட்டத்தில் காயம்பட்டார். பரவாயில்லை என்று நினைத்தோம். எடுக்கக்கூடியது என்ற நிரலில் அண்ணை 108 என்று எழுதியிருந்தார். பிறகு எட்டு ஆட்டம் தொடர்ச்சியாகத் தோல்வி. எட்டும் முழுநேரத் தோல்வி, ஒரு இனாம் புள்ளி கூட இல்லை. மீதி 14இல் இரண்டே வெற்றி. 84இல் முடிந்தது. அந்தக் கொப்பியில் 108இலிருந்து இரண்டு இரண்டாக இறங்கிவருகிற எண்களை அண்ணை ஒன்றையும் அழிக்கவில்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டி வெட்டி எழுதியிருக்கிறார். பார்க்கவே கஷ்டமான பக்கம் அது.

அடுத்த வருடம் ஒட்டாவாவில் தலைகீழாக நடந்தது. மாசி மாதம் 14 புள்ளி பின்னால். காப்பாளர்கள் காயம். யாரும் அறியாத அண்ட்ரூ ஹமண்ட் உள்ளே வந்தார், 20 வெற்றி, முழுநேரத் தோல்வி ஒன்றே ஒன்று. மக்டொனால்ட்ஸ் விளம்பரத்து ஹம்பேர்க்கர் திருடனின் பெயரை அவருக்கு வைத்து, ரசிகர்கள் பனித்தரையில் ஹம்பேர்க்கர் எறிந்தார்கள். ஒட்டாவா உள்ளே போனது. மகளின் ஒரு லட்சம் ஆட்டத்தில் இப்படி ஒன்று எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும் என்று அவளே சொன்னாள்.

அதே 2015இல்தான் நான் மறக்க விரும்புகிற காட்சியும். ஏரிக்கு அந்தப் பக்கம், பஃபலோவின் சொந்த மைதானத்தில், எதிரணி அரிசோனா ஓவர்டைமில் கோல் போட, பஃபலோ ரசிகர்களில் பலர் எழும்பிக் கைதட்டினார்கள். கடைசி இடத்தில் முடித்தால் புது வீரர் தெரிவில் கொனர் மக்டேவிட் என்ற இளம் நட்சத்திரம் கிடைக்கச் சந்தர்ப்பம் கூடும் என்று. கடைசியில் குலுக்கலில் அவர் எட்மன்ரனுக்குப் போனார். பஃபலோ 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஓஃபைக் காணவில்லை. அந்த ரசிகர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய விதியில்தான் எனக்குக் கோபம். பெண்களின் லீக் இதற்கும் வழி கண்டிருக்கிறது. பிளேஓஃப் வாய்ப்பு போன பிறகு ஓர் அணி எடுக்கிற புள்ளிகளை வைத்துத்தான் அடுத்த வருடத்துத் தெரிவில் யார் முதல் என்று முடிவாகும். அடியில் கிடந்தாலும் வெல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுடைய ஆட்டத்துக்கு அண்ணையின் மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணை இப்போது அதற்கும் ஒரு பக்கம் கீறுகிறார், மூன்று-இரண்டு-ஒன்று என்று தனி நிரல் போட்டு.

எங்களுக்குக் கொப்பி தேவைப்படாத வருடங்களும் வந்தன. 2023இல் லீஃப்ஸ் வசதியாக உள்ளே. ஆனாலும் அண்ணை கோடு கீறினார், மற்றவர்களுக்காக. ஃபுளோரிடா 92, பிற்ஸ்பேர்க் 91, பஃபலோ 91. அதே எண்கள்! பிற்ஸ்பேர்க் 16 வருடம் தொடர்ச்சியாகப் பிளேஓஃபுக்குப் போன அணி, கடைசி வாரத்தில் சொந்த ஊரில் சிக்காகோவிடம் 5-2 என்று தோற்று அந்தத் தொடரை முடித்துக்கொண்டது. அப்படி ஒரு புள்ளியில் நுழைந்த ஃபுளோரிடா, 65 வெற்றியோடு சாதனை படைத்த பொஸ்ரனை முதல் சுற்றில் வீழ்த்தியது. இரண்டாம் சுற்றில் எங்களை ஐந்து ஆட்டத்தில் அனுப்பிவிட்டு இறுதிவரை போனது. "சிக்காகோ மட்டும் அண்டைக்குத் தோத்திருந்தால்" என்று அந்தக் கோடைகாலம் முழுக்க அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டுவார்.

மச்சானின் மகன் இப்போது கால்கரியில் வேலை. 2025 சித்திரையில் ஒரு நாள் இரவு என்னை எடுத்தான். அன்று அவர்களுடைய அணி வேகஸை ஷூட்அவுட்டில் வென்றிருந்தது. வென்ற அதே இரவில் வெளியேறியும் விட்டது, ஏனென்றால் சென் லூயிஸ் யூட்டாவை 6-1 என்று அடித்துவிட்டது. இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது, அதையும் வென்றால் இரண்டு பேரும் 96. ஆனால் இப்போது சமன் உடைக்கிற விதி முழுநேர வெற்றிகள், அது சென் லூயிசிடம் அதிகம்.

"மாமா, 96 எடுத்தும் இல்லையாம்" என்றான். குரல் அவனுடைய அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

நான் தொலைபேசியை அண்ணையிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்கும், கோடு மட்டும் நேராகத்தான் வரும். 96 புள்ளியோடு வெளியே நின்ற அணிகள் இதற்கு முன்னர் மூன்று என்று பெடியனுக்குச் சொன்னார், 2015 பொஸ்ரன், 2018 ஃபுளோரிடா, 2019 மொன்றியால், அதற்கு மேல் எடுத்து யாரும் தவறவிட்டதில்லை என்று. பெடியன் அந்தப் பக்கம் என்ன சொன்னானோ தெரியாது. அண்ணை கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, கடைசி ஆட்டம் எத்தினை மணிக்கு?" என்றார்.

லொஸ் ஏஞ்சலிசில் நடந்தது அது. எங்களுக்கு இரவு நேரம் போய்த்தான் தொடங்கியது. ஒன்றுக்கும் உதவாத ஆட்டம். அண்ணையும் நானும் பேஸ்மென்றில் இருந்து பார்த்தோம், பெடியன் கால்கரியில் தொலைபேசியில். கால்கரி 5-1 என்று வென்றது. அண்ணை 94ஐ அழித்து 96 எழுதி, துகளை ஊதிவிட்டு, கொப்பியை மூடினார்.